மேபல் சொல்லாமல் விட்டது

கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கீழ்மாடியில், கண்ணாடித் தட்டிக்குப் பின்னால் இருந்து, டொக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நம்பர் போட்டுக் கொடுப்பது மேபலின் வேலை. எங்கள் பக்கத்தில் இதைச் சனலிங் என்போம். பத்தொன்பது வருஷமாக அவர் அந்தக் கதிரையில்தான் இருக்கிறார். அக்குறணையில் இருந்து வரும் கடைக்காரரோடு தமிழிலும், பேராதனை டீச்சரோடு சிங்களத்திலும், வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்தவர்களோடு ஆங்கிலத்திலும் பேசுவார். எந்த டொக்டர் சொன்ன நேரத்துக்கு வருவார், யார் இரண்டு மணித்தியாலம் பிந்துவார், யாரிடம் வாய் திறந்து இரண்டு கேள்வி கேட்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவர் இருக்கிறார். காய்ச்சல் வந்தாலும் கட்டி வந்தாலும் நாங்கள் முதலில் கூப்பிடுவது மேபல் அக்காவைத்தான். அவரும் அலுக்காமல், "நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க, எட்டாம் நம்பர் போட்டு வைக்கிறேன்" என்பார். எங்கள் ரோட்டில் பாதிப் பேர் அரசாங்க ஆஸ்பத்திரியை மறந்ததற்கு மேபலும் ஒரு காரணம். அந்த இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவர் முகம் இறுகிவிடும்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கலியாணம் முடித்த மறுவருஷம், அவர் கணவர் அமலதாஸுக்கு வேறு ஒரு மாவட்டத்தில் வேலை. அங்கே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் மேபலுக்கு முதல் பிரசவம். ஒரு கட்டிலில் இரண்டு பேர். வலி கூடிய நேரம் கூப்பிட்டபோது, "எல்லாருக்கும் அப்படித்தான், சத்தம் போடாதீங்க" என்று அதட்டல் வந்தது. ஆண் குழந்தை. காலையில் பிறந்து மத்தியானத்துக்கு முன்னே இறந்துவிட்டது. மாலை வரை மேபலிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் படுத்திருந்த பெண் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்க, "என்ட பிள்ளைய எப்ப கொண்டு வருவீங்க?" என்று மேபல் போகிற வருகிற எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் இறந்தது என்று இன்று வரைக்கும் அவருக்குத் தெரியாது. வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவர் கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இனிமே நம்ம வீட்டு ஆளுங்க யாரும் அரசாங்க ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கக் கூடாது." அடுத்த பிள்ளை தினுஷா பிறந்தது, கையில் இருந்ததை எல்லாம் வழித்துத் துடைத்து, தனியார் ஆஸ்பத்திரியில்.

அமலதாஸ் ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் வேலைக்கு வந்து, முப்பத்திரண்டு வருஷம் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். மெதுவான மனிதர். யாராவது காலை மிதித்தாலும் தன் கால் அங்கே இருந்ததற்கு வருத்தப்படுகிற ஆள். ஐம்பது வயதில் அவருக்குச் சுகரும் பிரஷரும் கண்டது. அப்போதே மேபலுக்குத் தெரியாமல், நகரத்தை ஒட்டி இருந்த ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் போய்ப் பதிந்துவிட்டார். தெரிந்ததும் மேபல் ஒரு கிழமை, ஏழு நாளும், அவரோடு பேசவில்லை. ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அமலதாஸ் விட்டுக்கொடுக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, விடிவதற்கு முன்னே ஹேவாஹெட்டயில் இருந்து வரும் முதல் பஸ்ஸை மறித்து ஏறிவிடுவார். அந்த பஸ்ஸில் பாதிப் பேர் கிளினிக்குக்குப் போகிற தோட்டத்துச் சனம். சிங்களம் தெரியாதவர்களுக்கு அவர்தான் எழுதிக் கொடுப்பார், எந்த அறை என்று காட்டுவார், டொக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்வார். மடவளையில் துணிக்கடை வைத்திருந்த ஹுதைபா நானா அங்கே கிடைத்த சிநேகிதர். இருவரும் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, பாணும் பருப்பும் பகிர்ந்து சாப்பிட்டு, பதினொரு வருஷம் கழித்திருக்கிறார்கள்.

நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்தில்தான் இது மாறியது. ஒரு நாள் காலையில் அமலதாஸுக்குத் தலைசுற்றலாக இருக்க, தனியே விட மனம் வராமல் மேபல் லீவு போட்டுக்கொண்டு கிளினிக்குக்குக் கூடவே போனார். மழை. கூரைக்கு அடியில் இடமில்லாமல் வரிசை மதிலோரமாக நின்றது. எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் தள்ளுமுள்ளு. வரிசையை ஒழுங்குபடுத்திய ஊழியர் ஒருவர் அமலதாஸின் தோளில் கை வைத்துப் பின்னால் தள்ளினார். அவர் சிரித்துக்கொண்டே பின்னால் போய் நின்றார்.

"என்னத்துக்குச் சிரிக்கிறீங்க? அந்தாள் உங்கள ஆட்டுக்குட்டிய தள்ளுற மாதிரி தள்ளுறான்" என்றார் மேபல்.

"அவனும் விடியலயில இருந்து நிக்கிறான்தானே மேபல். அவனுக்கும் கால் வலிக்கும்."

டொக்டரைப் பார்க்கும் முறை வருவதற்குள் மருந்து வாங்கும் வரிசையும் நீண்டுவிட்டது. அதனால் மேபல் அங்கே இடம் பிடிக்கப் போய்விட்டார். அமலதாஸ் தனியாகத்தான் உள்ளே போனார். நதீஷா என்ற இளம் சிங்கள டொக்டர். அவரிடம் நெடுநேரம் பேசி, இரத்தம் எடுக்கச் சொல்லி, கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் எதையோ எழுதிக் கொடுத்திருந்தார். அதே நேரம் மருந்து ஜன்னலடியில், போன மாதத்து மருந்துத் துண்டை நீட்டிய மேபலுக்குக் கிடைத்த பதில்: "இந்த ரெண்டும் இல்ல. வெளிய வாங்குங்க." அதைச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். ஏழு மணித்தியாலம் நின்றதற்குக் கையில் வந்தது ஒரு துண்டுக் கடதாசி.

திரும்பும் பஸ்ஸில் மேபல் வாய் ஓயவில்லை. இடையில் அமலதாஸ் சொன்னார்: "அந்த டொக்டர் பிள்ள சொன்னா, நோவுக்குக் குடிக்கிற குளிசை ஒண்ணும் எடுக்கவே வேணாமாம். கிட்னியில ஏதோ கொஞ்சம்…"

"அவங்க எல்லாருக்கும் அதத்தான் சொல்லுவாங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷங்கூட இல்ல, அதுல என்னத்தக் கண்டுபிடிக்கிறது? போதும். இனி நீங்க இங்க வரப் போறதில்ல."

வீட்டுக்கு வந்ததும் மேபல் அவர் கையில் இருந்த கொப்பியை வாங்கி அலுமாரிக்குள், பழைய சாறிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அமலதாஸ் பார்த்துக்கொண்டே நின்றார். இருபத்தாறு வருஷத்துக்கு முன் பஸ்ஸில் கேட்ட வார்த்தை அவருக்கு நினைவு வந்திருக்கும்.

அதற்குப் பிறகு எல்லாம் மேபலின் ஆஸ்பத்திரியில். ஊழியரின் கணவர் என்பதால் கட்டணத்தில் கழிவும் கிடைத்தது. குளிர்ந்த அறை, மெத்தை வைத்த கதிரை, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மிஸ்ஸிமார் என்ற நர்ஸுகள். சுகருக்கு ஒரு டொக்டர், நெஞ்சுக்கு ஒரு டொக்டர், கண்ணுக்கு ஒரு டொக்டர். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவருக்கு மற்றவர் என்ன எழுதினார் என்று தெரியாது. பதினொரு வருஷக் கதை முழுவதும் ஒரே கொப்பியில் இருந்த காலம் போய், அவரவர் தனித்தனித் தாளில் எழுதினார்கள்.

சில மாதத்தில் அமலதாஸின் முழங்கால் வலி கூடியது. கழிவறைக்குப் போவதற்கே சுவரைப் பிடித்து நடந்தார். மேபல் எலும்பு டொக்டரிடம் அவசரமாக ஒரு நம்பர் எடுத்தார். அன்று அந்த டொக்டருக்கு முப்பதுக்கு மேல் ஆட்கள். வெளியே எல்லாரும் முறைத்துக்கொண்டிருக்க, ஊழியர் என்ற உரிமையில் நடுவே புகுந்து போனார்கள். டொக்டர் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்தபடி கேட்டார்: "வேற ஏதாவது வருத்தம் இருக்கா? அல்சர், கிட்னி, அப்படி?"

அமலதாஸ் வாயைத் திறந்தார். "டொக்டர், அங்க கிளினிக்ல ஒரு பிள்ள…"

"சுகரும் பிரஷரும் மட்டுந்தான் டொக்டர்" என்று மேபல் முந்திக்கொண்டார். "எல்லாம் இங்கதான் காட்டுறோம்."

டொக்டர் தலையாட்டிவிட்டு நோவுக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

அந்த நிமிஷத்தைப் பற்றி மேபல் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். வெளியே ஆட்கள் காத்திருந்த அவசரம் ஒன்று. ஆனால் அது மட்டும் இல்லை. தன்னோடு நாள்தோறும் பேசும் டொக்டருக்கு முன்னால், தன் கணவர் அரசாங்க கிளினிக்கில் வரிசையில் நின்ற ஆள் என்ற பேச்சு வரக்கூடாது என்று நினைத்தாராம். "நெஜம் அதுதான். வேற என்ன சொன்னாலும் பொய்" என்பார்.

குளிசை பத்து நாளைக்குத்தான். ஆனால் மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது. பத்து நாள் முடிந்து நிறுத்தியதும் திரும்ப வந்தது. கீழ்மாடியில் மருந்துக் கவுண்டரில் இருக்கிறவர்கள் மேபலோடு தேத்தண்ணி குடிக்கிறவர்கள். டொக்டர் எழுதிய துண்டு இல்லாமலே கொடுத்தார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று ஏழு மாதம் போனது.

அந்த ஏழு மாதமும் அவர்கள் வீட்டில் நல்ல காலம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அமலதாஸ் மாலையில் வாவியைச் சுற்றி நடந்தார். ஞாயிறு பூசைக்கு மேடு ஏறிப் போனார். தோட்டத்துக் கோயில் திருநாளுக்கு, பிறந்த லயத்து வீடு வரைக்கும் ஏறிப் போய் வந்து, "பாதித் தேயிலை காடாயிருச்சு" என்று கதை கதையாகச் சொன்னார். மேபல் எங்களிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா? நல்ல இடத்துல காட்டினா எப்படி இருக்குன்னு?"

குளிசை தொடங்கி இரண்டாம் மாதம் இருக்கும். ஹுதைபா நானா தன் மருமகளுக்கு ஸ்கேன் எடுக்க அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். கவுண்டரில் மேபலைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, தாஸ் எப்பிடி ஈக்கிறாரு? கிளினிக் பக்கமே காணல்லயே?"

"நல்லா இருக்காரு நானா. இப்ப இங்கதான் காட்டுறோம்."

"அல்ஹம்துலில்லாஹ். ஆனா அந்த நதீஷா டொக்டர் ரெண்டு தரம் என்கிட்ட விசாரிச்சா. அன்டைக்கு எடுத்த ரத்தத்துல ஏதோ சரியில்லயாம். தபால் அங்கிள கட்டாயம் வரச் சொல்லுங்கண்டா. போன் பண்ணிப் பாத்தாவாம், அந்த நம்பர் வேல செய்யல்லயாம். நான் மறந்திருவேன், நீங்க சொல்லிருங்கோ."

"சரி நானா, சொல்றேன்."

மேபல் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அன்று பஸ்ஸில் வரும்போது முழு வழியும் அதைத்தான் யோசித்தார். சொன்னால் அவர் அடுத்த நாளே முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். பிறகு மாதா மாதம் அதே வரிசை, அதே தள்ளல், அதே சிரிப்பு. நம்ம இடத்திலேயே இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார். அடுத்த கிழமை எடுக்கலாம் என்று நினைத்தார். அவர் நன்றாக நடக்கிறாரே, என்ன அவசரம் என்று நினைத்தார். இப்படி நினைத்து நினைத்தே அது தள்ளிப்போனது.

மழைக்காலத்தில் அமலதாஸின் கால் வீங்கியது. நடந்ததால் என்றார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை, வாயில் இரும்பை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். காஸ்ட்ரிக் என்று மேபல் அதற்கும் ஒரு குளிசை வாங்கி வந்தார். ஒரு காலை பல் துலக்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார்.

மேபல் தன் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார். எல்லாரும் ஓடி வந்தார்கள். இரத்தம் எடுத்த ஒரு மணித்தியாலத்தில் மேபலின் மேலதிகாரி அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார்: "மேபல், ரெண்டு கிட்னியும் வேல செய்யுறது ரொம்பக் குறைவு. மெஷின்ல போடணும். ஒரு தரம் ரெண்டு தரம் இல்ல, இனி எப்பவும் போட வேண்டி வரும். இங்க அவ்வளவு நாளைக்குச் செய்றதுக்கு உங்களால ஏலாது. கோவிக்காதீங்க. அரசாங்கத்துக்குக் கொண்டு போங்க, அதான் நல்லது."

இத்தனை வருஷம் வேலை செய்த இடத்தின் அம்புலன்ஸில்தான் மேபல் கணவரை, கிளினிக் இருந்த அதே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

அவசரப் பிரிவில் நிற்க இடமில்லை. தள்ளுவண்டியில் போட்டபடியே அரை மணித்தியாலம். மேபல் கத்தினார், ஆங்கிலத்தில் சண்டை பிடித்தார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு சின்ன உருவம் வேகமாக வந்தது. அமலதாஸின் முகத்தைக் குனிந்து பார்த்ததும் சிங்களத்தில் கேட்டது: "இது தபால் அங்கிள் இல்லையா?"

அது டொக்டர் நதீஷா. அவரே வார்ட்டுக்குப் போன் பண்ணி, கட்டில் கேட்டு, ஊசி போட்டு, எல்லாம் ஆனதும் மேபலின் பக்கம் திரும்பினார்.

"கிளினிக் கொப்பி எங்க அம்மா?"

தினுஷா வீட்டுக்கு ஓடிப் போய் அலுமாரியில் இருந்து எடுத்து வந்தாள். டொக்டர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி மேபலுக்கு முன்னால் நீட்டினார். சிவப்பு மையில் இரண்டு வரி, அடியில் இரண்டு கோடு. சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கிவிட்டது, நோவுக் குளிசை எதுவும் கொடுக்க வேண்டாம், இரண்டு கிழமையில் கட்டாயம் திரும்ப வரவும். இவ்வளவுதான்.

"நோவுக்கு ஏதாவது குடிச்சாரா?"

மேபல் குளிசையின் பெயரைச் சொன்னார். எத்தனை மாதம் என்று கேட்டபோது ஏழு என்றார். டொக்டர் கொப்பியை மூடினார். பிறகு, ஏசாமல், மெல்லிய குரலில் கேட்டார்: "நான் சொல்லி அனுப்பினேனே, கிடைக்கலையா?"

மேபல் தலையை அசைத்தார். ஆமா என்றா இல்லை என்றா அசைத்தோம் என்று தனக்கே தெரியாது என்பார்.

பிறகு பத்து மாதம். செவ்வாயும் வெள்ளியும் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்குப் போக வேண்டும். மெஷின் சில, ஆட்கள் பலர். ஒன்று பழுதானால் எல்லாருடைய நேரமும் தள்ளிப்போகும். விடிந்ததில் இருந்து பிற்பகல் வரை வெளி வாங்குப் பலகையில் காத்திருந்து, "இன்னைக்கு இல்ல, நாளைக்கு வாங்க" என்று திரும்பிய நாளும் உண்டு. ஒரு மிஸ்ஸி வாயைத் திறந்தால் நெருப்பு. கால் நீட்டி உட்கார்ந்ததற்கு மேபலைப் பத்துப் பேருக்கு முன்னால் ஏசினார். அதே மிஸ்ஸி, ஒரு நாள் அமலதாஸுக்கு நடுவில் பிரஷர் இறங்கியபோது, வேலை முடிந்து கைப்பையைத் தோளில் மாட்டியவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் அவர் பக்கத்தில் நின்றார். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று மேபலுக்குத் தெரியவில்லை. காசு என்று மட்டும் அங்கே யாரும் கேட்கவில்லை.

வாங்கில் கூட இருந்த தோட்டத்துப் பெண்கள் மேபலை அறிந்திருந்தார்கள். "நீங்க தாஸ் ஐயா சம்சாரமா? எங்க அப்பாவுக்கு அவருதாங்க எல்லாம் எழுதிக் குடுப்பாரு" என்பார்கள். தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுப்பார்கள். தன் கணவர் விடியலில் எழும்பி எங்கே போனார், எதற்காகச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார் என்பது மேபலுக்கு அந்த வாங்கில்தான் புரிந்தது. அவரிடம் இருந்து தான் நிறுத்தியது கிளினிக்கை மட்டும் இல்லை என்பதும்.

ஹுதைபா சொல்லி அனுப்பியதைக் கணவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் பல தடவை துணிந்தார். ஒரு தடவை மெஷினில் இருந்து எடுத்து, அவர் களைத்துப் போய்க் கண்ணை மூடி இருந்தபோது, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார்.

அமலதாஸ் கண்ணைத் திறந்தார். வெகுநேரம் அவரையே பார்த்தார். "சொல்லு" என்றார்.

மேபல் அவர் போர்வையைச் சரிசெய்தார். "தினுஷாவுக்கு சோதன முடிவு வந்திருக்கு. பாஸாம்" என்றார்.

"அப்படியா. சந்தோஷம்" என்று அவர் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஓகஸ்ட் மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம், வார்ட்டில் சோறு கொடுக்கிற நேரத்தில் அமலதாஸ் இறந்தார். மேபல் பக்கத்தில்தான் இருந்தார். இந்தத் தடவை அவரிடம் உடனே சொன்னார்கள். டொக்டர் நதீஷா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஹுதைபா நானா வந்தார். காய்ச்சலாக இருந்ததால் சாவு வீட்டுக்கு வர முடியவில்லையாம். கூடத்தில் அமர்ந்து கொஞ்ச நேரம் அழுதார். மேபல் அவருக்கு முன்னால் போய் நின்று சொன்னார்:

"நானா, நீங்க சொன்னத நான் அவருக்குச் சொல்லல்ல. அந்த டொக்டர் கூப்பிட்டத. நான் வேணும்னுதான் சொல்லல்ல."

ஹுதைபா நிமிர்ந்து பார்த்தார். "தாஸுக்குத் தெரியுமே தங்கச்சி."

"என்ன?"

"அதுக்குப் பொறகு ஒரு கெழம போயிருக்கும். மார்க்கட்டடியில தாஸக் கண்டேன். மேபல் தங்கச்சி சொன்னாவான்டு கேட்டேன். அவருக்கு ஒண்டும் வெளங்கல்ல. சரியெண்டு நானே சொன்னேன், டொக்டர் தேடுறா, நாளைக்கே போங்கண்டு. அவரு மரக்கறிப் பைய மத்தக் கைக்கு மாத்தினாரு. பொறகு, 'பரவாயில்ல, அவ சொல்லட்டும்'ண்டாரு. நான் நெனச்சேன், ரெண்டு பேரும் பேசி முடிவெடுப்பீங்கண்டு."

அவர் போன பிறகும் மேபல் அதே இடத்தில் நின்றாராம்.

அவ சொல்லட்டும். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மேபல் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார். கோபமா? அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பிள்ளையைப் பறிகொடுத்ததால் அவள் வெறுத்த வாசலுக்கு, அவளே மனம் வந்து "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் போகக்கூடாது என்று நினைத்தாரா? அல்லது முழங்கால் வலி இல்லாத அந்த நாட்களை விட அவருக்கும் மனம் இல்லையா? அந்தக் கிழமைகளில் மாலை நேரத்தில், மேபல் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது, "இன்னைக்கு யாரும் தெரிஞ்ச ஆளுங்க வந்தாங்களா?" என்று அவர் கேட்டது நினைவுக்கு வருகிறது. ஒரு நாள் இல்லை, நான்கைந்து நாள் கேட்டார். "யாரும் இல்ல" என்று மேபல் சொன்னார். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். மெஷின் பக்கத்தில் "சொல்லு" என்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அதற்காகத்தான்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று என்னிடம் சொல்லி அழுதார். "ஏன் மறைச்சன்னு ஒரு தரம் ஏசியிருக்கலாம். பத்து மாசம் என் கையால சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. எல்லாந் தெரிஞ்சுக்கிட்டே."

தினுஷாவிடமும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் இரண்டு நாள் தாயோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சமைத்துக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அப்பாவும் வாயத் திறந்து சொல்லியிருக்கலாந்தானே அம்மா. அவரு உயிர்தானே அது." அது ஆறுதலா, குற்றச்சாட்டா, இருவர் மேலும் சேர்த்துச் சொன்னதா என்று மேபலுக்கு விளங்கவில்லை. வளர்ந்த பிள்ளையிடம் கேட்கவும் துணிவில்லை.

வேலையை அவர் விடவில்லை. தினுஷா இன்னும் படிக்கிறாள். அதே கண்ணாடித் தட்டி, அதே நம்பர். ஆனால் நாங்கள் போன் பண்ணினால் முன்போல உடனே நம்பர் போடுவதில்லை. "அங்க கிளினிக்ல காட்டுறீங்களா? அங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறார். சிலருக்கு அது பிடிப்பதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு வந்தால், நல்லதென்றும் சொல்வதில்லை, கெட்டதென்றும் சொல்வதில்லை. முதல் பிள்ளைக்கு நடந்ததை அவர் மன்னித்துவிடவில்லை. அதற்கு அவருக்கு இன்னும் உரிமை இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

டொக்டர் நதீஷாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும் என்பார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது தடை வரும். இந்த வருஷம் தை மாதத்தில் ஒரு நாள், லீவு எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் ஏறி, கிளினிக் வரிசையில் நின்றார். நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் போனார். மேசைக்குப் பின்னால் வேறு ஒரு இளம் டொக்டர் இருந்தார்.

"நதீஷா டொக்டர் இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார் அம்மா. மூன்று கிழமை இருக்கும். இனி வரமாட்டார். அவருடைய ஆட்களையும் நான்தான் பார்க்கிறேன்." டொக்டரின் கண்கள் களைப்பில் சிவந்திருந்தன. வெளியே வரிசை கதவு வரைக்கும் நின்றது. அவர் கையை நீட்டினார். "நோயாளி யார்? கொப்பியைக் கொடுங்க."

"நோயாளி இல்ல டொக்டர்" என்றார் மேபல். "சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

டொக்டர் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஹேவாஹெட்ட பக்கத்துக் கிழவர் ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மேபல் அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி, வெளியே வந்துவிட்டார்.